இங்கிலீஷ்காரம்மாவின் பங்களாவும் என் முடுக்கு வீடும்

வீட்டை விற்க பவர் எழுதிக் கொடுங்கள் என்று மகன் கேட்டபோது நான் தலையை ஆட்டிவிட்டேன். சரி என்றும் எடுத்துக்கொள்ளலாம், பார்க்கலாம் என்றும் எடுத்துக்கொள்ளலாம், அப்படி ஓர் ஆட்டல். பெரியவர்களிடம், ஆண்களிடம், டாக்டரிடம் நான் பேசுகிற பேச்செல்லாம் அவ்வளவுதான். ஐந்தாவது முடித்ததும், ஆறாவதுக்குப் போக வேண்டுமென்றால் கடைத்தெருவைத் தாண்ட வேண்டும், போதும் நிறுத்து என்றார்கள். அன்றைக்கும் இப்படித்தான் ஆட்டினேன்.

மகன் ஷார்ஜா தொழில்பேட்டையில் பம்பு, மோட்டார் சாமான் கடை வைத்திருக்கிறான். என் மாப்பிள்ளை, அவனைப் பெற்ற வாப்பா, மவுத்தாகிப் போய்ச் சேர்ந்த பிறகு என்னையும் தன் விசாவில் இங்கே கூட்டி வந்துவிட்டான். நல்ல பிள்ளை. முட்டிவலிக்கு மாத்திரை தீருவதற்கு முன்னால் வாங்கி வைத்துவிடுவான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவனைப் பற்றி எழுதுவதைப் படித்துவிட்டு யாரும் அவனைத் திட்டக்கூடாது.

விற்கலாம் என்று அவன் சொன்ன வீடு ஊரில் இருக்கிறது. திருச்செந்தூருக்குப் பக்கத்தில், கடலோரத்தில் எங்கள் ஊர். அங்கே வீடு பெண்ணுக்கு. கல்யாணம் பேச வந்தால் பெண்ணுக்கு வீடு இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள். கட்டிக்கொள்கிற மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பான். மகளுக்கு ஒரு வீடு கட்டுவதற்காகவே கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் போய் உழைத்து இளைத்துப்போன வாப்பாமார் எத்தனையோ பேர். அது நியாயமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் புருஷனோடு சண்டை போட்டுவிட்டு, போக இடமில்லாமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தெருவில் நின்ற பெண்ணை எங்கள் ஊரில் நான் பார்த்ததில்லை. கோபம் வந்தால் அவன்தான் செருப்பை மாட்டிக்கொண்டு போவான்.

என் வீடு என் உம்மா தந்தது. அவளுக்கு அவள் உம்மா தந்தது. முன்பக்கம் தெரு, பின்பக்கம் பெண்கள் போக வர ஒரு முடுக்குச் சந்து. இப்போது அதில் என் மகளும் மருமகனும் அவர்களுடைய பெண்பிள்ளையும் இருக்கிறார்கள். மகள் பேருக்கு மாற்றி எழுத வேண்டும் என்று எத்தனையோ நோன்பாக நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்குள் மாப்பிள்ளை மவுத்து, வீட்டுக்குள்ளேயே இத்தா இருந்த நாலு மாதம், விசா என்று நாள் ஓடிவிட்டது. பத்திரம் என் பேரிலேயே கிடந்தது.

அதை விற்று, மேலே பேங்க் லோன் போட்டு, துபாய்க்கு வெளியே புதிதாகக் கட்டுகிற வில்லா ஒன்றை வாங்குவது என்பது மகனுடைய திட்டம். "தங்கச்சிக்கு ஒரு சின்ன பிளாட் பார்த்துக் குடுத்துடலாம் உம்மா, அவளுக்கு என்ன குறை வரப்போகுது?" என்றான். மகளுக்குப் போன் போட்டேன். அவள் என்னைப் போலத்தான். "காக்கா கேட்டா குடுத்துடுங்க உம்மா" என்று அண்ணனுக்காகச் சொல்லிவிட்டு, அழுகிற சத்தம் எனக்குக் கேட்கக்கூடாதென்று போனை வைத்துவிட்டாள்.

இந்தச் சமயத்தில்தான் பக்கத்து பிளாட்டு இங்கிலீஷ்காரம்மா எனக்குப் பழக்கமானார்.

அவருடைய மகள் இங்கே பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். அவரும் என்னைப் போல வயதான காலத்தில் பிள்ளையின் விசாவில் வந்தவர். நோன்பில் கஞ்சி காய்ச்சினால் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காமல் எங்களால் குடிக்க முடியாது. இங்கே இருக்கிற பேத்தி, மகனுடைய மகளிடம் ஒரு சட்டி கொடுத்து அனுப்பினேன். மறுநாள் அந்தச் சட்டி நிறைய கேக்கோடு அவரே வந்து நின்றார். சட்டியை வெறுமையாகத் திருப்பக்கூடாது என்று அவர்களுக்கும் யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்! எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

நோன்பு முடிந்தும் சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு வருவார். என் மருமகள் என்னை மாமி என்று கூப்பிடுவதைக் கேட்டு அவரும் மாமி என்றே கூப்பிடத் தொடங்கினார். என்னைவிட மூத்தவர் என்பதால் அக்கா முறையில் நான் அவரை லாத்தா என்றேன். அவருக்குத் தமிழ் தெரியாது, எனக்கு இங்கிலீஷ் தெரியாது. நடுவில் பேத்தி. பள்ளிக்கூடம் விட்டு வந்து செல்போனைத் தடவிக்கொண்டே இரண்டு பக்கமும் சொல்லுவாள். நல்ல கதை வந்தால் மட்டும் போனைக் கீழே வைப்பாள்.

ஒருநாள், வீட்டை விற்கப்போகிறோம் என்று வாய்தவறிச் சொன்னேன். அன்றைக்கு அவர் தன்னுடைய வீட்டைப் பற்றி ஆரம்பித்தார். பேத்தி போனைக் கீழே வைத்தாள்.

அவர் பிறந்தது இங்கிலாந்தில் ஒரு நாட்டுப்புறப் பங்களாவில். பங்களா என்றால் சாதாரண பங்களா இல்லை. எத்தனை அறை என்று கேட்டேன். எண்ணிப் பார்க்க வேண்டும் என்று நினைத்ததே இல்லை என்றார். பாட்டனுக்குப் பாட்டன் ஒருவர் கப்பல் ஏறிப் போய், எங்கோ ஒரு தீவில் கரும்புத் தோட்டம் போட்டு, அடிமைகளை வைத்து வேலை வாங்கி, அந்தக் காசில் கட்டினாராம்.

"அடிமைன்னே சொன்னாங்களா?" என்று பேத்தியைக் கேட்டேன்.

"ஆமா வாப்பும்மா. ஸ்லேவ்ஸ்னு அவங்களேதான் சொல்றாங்க. எங்க வீட்ல அதைப் பத்திப் பேசவே மாட்டாங்க, அதனால நான் பேசுறேன்கறாங்க."

அந்தப் பாட்டனாருடைய பேரன் காலத்தில் இன்னொன்று நடந்திருக்கிறது. மாடி ஜன்னலைத் திறந்தால் எதிரே கூலிக்காரர்களின் குடிசைகள் தெரிந்திருக்கின்றன. பார்க்க நன்றாக இல்லை என்று அந்தக் குடிசைகளை எல்லாம் இடித்து, ஆட்களைக் கண்ணுக்குத் தெரியாத பள்ளத்தில் கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டு, அந்த இடத்தில் குளம் வெட்டினாராம்.

"குளத்துல மீன் உண்டா?" என்று கேட்டேன். எனக்கு அதுதான் தோன்றியது.

"மீன் உண்டு. குளிர் அதைவிட அதிகம் உண்டு" என்றார் லாத்தா.

அவர் பிறந்தபோது அந்தப் பெருமையெல்லாம் வடிந்துவிட்டது. கூரை ஒழுகுமாம். மழை வந்தால் கூடத்தில் வாளி வைப்பார்களாம். வெள்ளி விளக்கெல்லாம் ஒவ்வொன்றாக விலைக்குப் போய்விட்டது. சூடு வருகிற ஒரே இடம் சமையல்கட்டு என்பதால் அத்தனை பெரிய வீட்டில் எல்லாரும் அடுப்படியிலேயே கிடப்பார்களாம். சுவர் முழுக்க மூதாதையர் படங்கள் மாட்டியிருக்கும். ராத்திரி தண்ணீர் குடிக்கப் போனால் அத்தனை கிழவர்களும் முறைப்பார்கள் என்று அவர் முறைத்துக் காட்டினார். பேத்தி விழுந்து விழுந்து சிரித்தாள்.

"கூடப் பிறந்தவங்க எத்தனை பேரு?"

"நாலும் பெண். நான் மூணாவது. ஆண்பிள்ளை கிடையாது."

நான் உடனே கேட்டேன், "அல்ஹம்துலில்லாஹ், அப்போ வீட்ட நாலு பேருக்கும் எப்படிப் பிரிச்சாங்க? மூத்தவளுக்கு முன்பக்கமா? குளம் யாருக்கு?"

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இதைத்தான் கேட்டிருப்பார்கள். நாலு பெண் இருக்கிற வீட்டை நாலாக வகுந்து, நடுவே சுவர் வைத்து, நாலு வாசல் வைத்துக் கொடுப்பதைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம்.

பேத்தி அதை இங்கிலீஷில் சொன்னாள். லாத்தாவுக்குப் புரியவில்லை. திரும்பக் கேட்டார். பேத்தி திரும்பவும் சொன்னாள். அவர் டீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார். பிறகு சிரித்தார். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று முந்தானையை இழுத்து வாயைப் பொத்திக்கொண்டேன்.

"வாப்பும்மா, யாருக்குமே இல்லையாம். கேர்ல்ஸ்க்கு வீடு போகாதாம். பையனுக்குத்தானாம். பையன் இல்லேன்னா சித்தப்பா பையனுக்காம். அப்படித்தான் முன்னாடியே எழுதி வச்சிருந்தாங்களாம்."

லாத்தாவின் வாப்பா மவுத்தானதும் அந்தச் சித்தப்பா மகன் வந்திருக்கிறான். மரியாதையான பையனாம். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் பேசினானாம். உம்மாவும் நாலு பெண்களும் அந்தக் கோடைக்குள் வெளியேற வேண்டும் என்று ஆனது. ஆளுக்கு ஒரு பெட்டி. அந்த உம்மா கடைசிவரை வாடகை வீட்டில் இருந்து வாடகை வீட்டில் இறந்தாராம். பையனும் வீட்டை வைத்துக்கொள்ளவில்லை. ஹோட்டல்காரனுக்கு விற்றுவிட்டான். வெகுகாலம் கழித்து லாத்தா அங்கே போய், தான் பிறந்த வீட்டில் காசு கொடுத்து ஒரு டீ குடித்திருக்கிறார். வாசலில் அந்த வீட்டுச் சரித்திரத்தைப் பலகையில் எழுதி மாட்டியிருந்தார்களாம். கப்பல் ஏறிப்போனவர் பேர், குளம் வெட்டியவர் பேர், விற்றவன் பேர் எல்லாம் இருந்தது. கரும்பு வெட்டியவர்கள் பேர் இல்லை. குடிசை போனவர்கள் பேர் இல்லை. நாலு பெண்கள் பேரும் இல்லை.

"உங்க ஊரு ஆம்பளைங்க இப்படிச் செஞ்சா, பொம்பளைங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்களா?" என்று கேட்கச் சொன்னேன்.

லாத்தா சொன்னதைப் பேத்தி கொஞ்சம் மெதுவாகச் சொன்னாள். "நாங்க ரொம்ப மரியாதையான குடும்பம், தலையை ஆட்டினோம்கறாங்க."

அன்று ராத்திரி இஷா தொழுகைக்குப் பிறகும் எனக்கு அந்தத் தலையாட்டல் மனதைவிட்டுப் போகவில்லை.

அடுத்த வாரம் மகன் எங்களை வில்லா பார்க்கக் கூட்டிப்போனான். லாத்தாவையும் அவனே கூப்பிட்டான். "அவங்க பெரிய பங்களாவுல பொறந்தவங்க, பாத்து நல்லாருக்குன்னு சொல்லட்டும், உங்களுக்கும் நம்பிக்கை வரும்" என்றான். அவன் கூப்பிட்டதற்குக் காரணம் அங்கே போனதும்தான் தெரிந்தது. அந்தப் பக்கத்து வில்லா முழுக்க இங்கிலீஷ் நாட்டுப்புற வீடு மாதிரி. சாய்ந்த கூரை. ஜன்னலில் சின்னச் சின்னச் சதுரமாகக் கண்ணாடி. வாசலில் பச்சைப் புல், அதற்கு இரண்டு வேளையும் தண்ணீர் விட ஒரு வங்காளிப் பையன். கூரைக்கு மேலே செங்கல்லில் ஒரு புகைபோக்கி. சுற்றிலும் மணல், தூரத்தில் கிரேன்.

சேல்ஸ் பையன் பாகிஸ்தான்காரன். கோட்டு போட்டுக்கொண்டு வேர்த்து வழிந்தான். "ஆயியே ஆண்ட்டி, ஆயியே" என்று வரச்சொல்லி ஒவ்வொரு அறையாகத் திறந்தான். கூடத்தில் குளிர்காயும் அடுப்பு ஒன்று வைத்திருந்தார்கள். உள்ளே மரக்கட்டை மாதிரி செய்து, அதற்கடியில் சிவப்பு பல்பு எரிந்துகொண்டிருந்தது. வெளியே போனால் தோல் உரிகிற வெயில்.

லாத்தா கஷ்டப்பட்டுக் குனிந்தார். அடுப்புக்குள் கையை விட்டு மேலே தடவினார். சுவர். ஓட்டை இல்லை.

புகை எந்த வழியாகப் போகும் என்று அவனிடம் கேட்டார்.

பேத்தி அவன் பதிலை எனக்குச் சொன்னாள். "புகையே கிடையாது மேடம், ஃபீலிங் மட்டும்தான்கறான்."

லாத்தா நிமிர்ந்து, தாங்க்யூ என்று சொல்லிவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார். அவர் உடம்பு குலுங்குவது எனக்குத் தெரிந்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. மருமகள் மட்டும் சமையலறையில் அலமாரிகளை இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பாவம், அவளுக்கு இப்போதிருக்கிற பிளாட்டில் சட்டி வைக்க இடமில்லை.

திரும்பும்போது காரில் நானாக மகனைக் கேட்டேன். நானாகக் கேட்டதே அவனுக்கு ஆச்சரியம்.

"இந்த வீடு யார் பேர்ல வரும்?"

"என் பேர்லதான் உம்மா. லோன் என் பேர்ல. பின்ன யார் பேர்ல வரும்?"

நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மகன் வந்தான். நெய்ச்சோறும் கறியும். வெள்ளிக்கிழமை மட்டும் ஊர் வழக்கப்படி சஹன் வைத்து, ஒரே தட்டைச் சுற்றி நாலு பேரும் உட்காருவோம். இரண்டு வாய் வைத்திருப்பான். "திங்கக்கிழமை கான்சுலேட்ல அப்பாயின்மென்ட் எடுத்தாச்சு உம்மா. ஒரே ஒரு கையெழுத்து, கலாஸ், முடிஞ்சுது, வந்துடலாம்" என்றான்.

"நான் போடமாட்டேன்."

யார் பேசியது என்று எனக்கே ஒரு நொடி தெரியவில்லை.

"என்ன போடமாட்டீங்க?"

"கையெழுத்து. அது உன் தங்கச்சிக்குள்ள வீடு."

அவன் சிரித்தான். "ஷரீஅத்துல ஆம்பளைக்கு ரெண்டு பங்கு உம்மா. தெரியும்ல?"

"நான் மவுத்தானப்புறம் பங்கு வை. இப்போ ஹயாத்தோட இருக்கேன். என் பொருளு, என் கையால குடுப்பேன். உனக்கு நான் குடுக்காம இல்ல. உன் முதல் விசாவுக்கு என் காப்பு ரெண்டும் போச்சு. கடை போடுறப்போ உங்க வாப்பா கடைய வித்துத் தந்தோம். அப்போ உன் தங்கச்சி வாயத் தொறந்தாளா?"

"யாரு சொல்லிக் குடுத்தா? அந்த இங்கிலீஷ்காரியா?"

"அவ ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அவ வீட்டுக் கதைய சொன்னா. தலைய ஆட்டினா என்ன ஆகும்னு அதுல இருந்துச்சு."

அவனுக்குக் கோபம் வந்துவிட்டது. "அது இடிஞ்ச வீடு உம்மா! பொம்பளைங்க நடக்குற சந்துல, கார் கூடப் போகாது. அதப் போயி ..."

"அவ்வளவு ஆசையா இருந்தா உன் பொண்டாட்டி வீடு இருக்குதே. நல்ல மெயின் ரோட்டுல. கார் போகும். அத வித்து வாங்கு."

சோற்றுக்குள் இருந்த மருமகளின் கை அப்படியே நின்றது.

"என் வீட்டையா?" என்றாள்.



"மாமி, அது எங்க உம்மா எனக்குத் தந்தது" என்றாள் என்னைப் பார்த்து. சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. காதெல்லாம் சிவந்துவிட்டது. அதுவரை வில்லா அடுப்படிக்கு என்ன நிறத்தில் ஓடு போடலாம் என்று பேசிக்கொண்டிருந்தவள். கையைச் சோற்றிலிருந்து எடுத்து, பேத்தியைக் காட்டி என் மகனிடம் சொன்னாள், "அது இவளுக்குள்ளது. அதுல கை வைக்கிற பேச்சே வேண்டாம். மாமி வீட்டுலயும் வேண்டாம்."

"எனக்கா?" என்றாள் பேத்தி. "எனக்கு வீடு இருக்கா? யாரும் சொல்லவே இல்ல!"

மகன் எழுந்துவிட்டான். வாசலில் நின்று சொன்னான், "எல்லாருக்கும் வீடு இருக்குது. எனக்குத்தான் இல்ல. சரி, அப்போ ஊருக்கே போய் அந்த வீட்டுலயே இருங்க."

விசா அவன் பேரில். வேண்டாம் என்று அவன் ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் நான் இங்கே இருக்க முடியாது. அது எனக்குத் தெரியும், அவனுக்கும் தெரியும். முன்பென்றால் அந்த இடத்தில் அழுதிருப்பேன்.

"போறேன். டிக்கெட் போடு" என்றேன். "போறதுக்கு எனக்கு வீடு இருக்குது."

அன்று மாலை லாத்தாவிடம் பேத்தி எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நான் பேசியது மாதிரியே கையை நீட்டி நீட்டி நடித்துக் காட்டினாள். லாத்தா சிரிப்பார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு, உன் வீட்டுச் சரித்திரத்தைச் சொல் என்றார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. என்ன சரித்திரம்? குளம் வெட்டவில்லை. யாருடைய குடிசையையும் தூக்கவில்லை. "எங்க உம்மாவோட உம்மா இருந்தா. அப்புறம் எங்க உம்மா. அப்புறம் நான். இப்போ என் மக. அடுத்து அவ மக. ஆம்பளைங்க பொழுது சாஞ்சு, மஃரிபுக்கு அப்புறம் வருவாங்க" என்றேன்.

பேத்தி சொல்லி முடித்ததும் லாத்தா அதையே தனக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஊருக்கு வாங்க லாத்தா. மாடியில மாப்பிள்ளைக்குன்னு ஒரு அறை உண்டு. நல்ல காத்து வரும். மருமகன வேற அறையில படுக்கச் சொல்லிட்டு உங்களுக்குத் தாரேன்" என்றேன். அதற்குத்தான் அவர் சிரித்தார்.

மகன் ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. ஆனால் மாத்திரை மட்டும் மேசையில் வந்து உட்கார்ந்திருந்தது. பிறகு டிக்கெட் போட்டான். போக மட்டுமில்லை, வரவும் போட்டிருந்தான். நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை, பேத்திதான் செல்போனில் பார்த்துச் சொன்னாள்.

ஏர்போர்ட்டுக்கு அவனே கொண்டுபோய் விட்டான். பெட்டியை வண்டியில் ஏற்றி வைத்துவிட்டு, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டான்.

"தங்கச்சிக்கு எழுதிக் குடுக்கத்தான் போறீங்களா?"

"ஆமா வாப்பா."

"எழுதிக் குடுத்தப்புறம் நான் லீவுல வந்தா, அந்த வீட்ல எனக்கு ஒரு வேளைச் சோறு உண்டா?"

அவன் வாப்பா வாசலில் வந்து நிற்பதைப் போலவே இருந்தது, அந்த முகம். அள்ளி அணைத்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் இதையும் விட்டுக்கொடுத்தால் மற்றதெல்லாம் வீண்.

"அது உன் தங்கச்சி வீடு. அவளக் கேளு" என்றேன்.

அவன் என்னைப் பார்த்தான். பிறகு அங்கேயே, ஆட்கள் போக வர இடித்துக்கொண்டிருந்த வாசலில் நின்று, ஊருக்குப் போன் போட்டான்.